மோட்டாருக்கு விதி இருக்கிறது, அதன் மூக்கில் மாட்டும் கியருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கே சிங்கப்பூரில் மின்கட்டணம் ஏறுகிறது, கரிம வரி 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி என்று செய்தி வரும்போதெல்லாம், ஏர்கானை 25 டிகிரியில் வையுங்கள், எல்இடி விளக்குக்கு மாறுங்கள் என்ற ஆலோசனையும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டுக்கு அது சரி. ஆனால் துவாஸ், ஜூரோங் பக்கம் தொழிற்சாலைகளில் மின்சாரத்தை விழுங்குவது பெரும்பாலும் மோட்டார்கள்தான், அவற்றுக்கும் 2018 அக்டோபரிலிருந்து இங்கே ஐஇ3 தரம் (மோட்டார் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதற்கான தரவரிசையில் ஒரு படி) கட்டாயமாகிவிட்டது. நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். என் ஆதங்கமெல்லாம் அந்த மோட்டாரின் மூக்கிலேயே மாட்டியிருக்கும் கியர்பாக்ஸைப் பற்றித்தான். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பராமரிப்பு வேலையில் பல வருடமாக இருப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது 90 டிகிரி திருப்பத்தைப் பற்றி. மோட்டார் ஒரு பக்கம் படுத்திருக்கும், ஓட வேண்டிய ஷாஃப்ட் (சுழல்தண்டு) அதற்குக் குறுக்கே இருக்கும், அல்லது நட்டுக்குத்தலாக நிற்கும். கன்வேயர், மிக்ஸர், கூரை மேல் கூலிங் டவர் விசிறி, துறைமுகத்தில் பெரிய கப்பல்களைத் தள்ளித் திருப்பும் இழுவைப் படகின் அடியில் இருக்கும் உந்தி, இவை எல்லாவற்றிலும் எங்கேயோ ஓரிடத்தில் சக்தி செங்கோணத்தில் திரும்பியாக வேண்டும். கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரின் தலைக்குள்ளும் இதே கதைதான்.

இந்தத் திருப்பத்துக்கு இங்கே சின்ன, நடுத்தர நிறுவனங்களில் பழக்கதோஷமாக மாட்டுவது வார்ம் கியர்பாக்ஸ், அதாவது திருகு போன்ற ஒரு தண்டு பல்சக்கரத்தை ஓட்டும் வகை. விலை மலிவு, கடையில் உடனே கிடைக்கும், ஒரே கட்டத்தில் 30க்கு 1, 60க்கு 1 என்று வேகத்தைக் குறைத்துவிடும். ஆனால் வார்ம் வேலை செய்வதே உரசல் மூலம்தான். எஃகு வார்ம் வெண்கலச் சக்கரத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், அந்த உரசல் முழுக்க வெப்பமாகிப் போகும். 5க்கு 1 மாதிரி சின்ன விகிதத்தில் 90 சதவீதம் வரைகூடத் திறன் கிடைக்கும், 30க்கு 1 என்று போனால் 70 சதவீதத்தையொட்டி வந்து நிற்கும், 60க்கு 1இல் இன்னும் கீழே. ஸ்பைரல் பெவல் ஜோடியில், அதாவது வளைந்த பல் வெட்டிய இரண்டு கூம்புச் சக்கரங்களில், பல்லும் பல்லும் பெரும்பாலும் உருண்டு போவதால் ஒரு கட்டத்துக்கு 97 முதல் 99 சதவீதம் வரை கிடைக்கும். ஆனால் ஸ்பைரல் பெவலை மட்டும் வைத்து 30க்கு 1 எடுக்க முடியாது, ஒரு ஜோடிக்கு 5க்கு 1, 6க்கு 1 வரைதான் வசதியான எல்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹெலிக்கல் (சாய்ந்த பல் வெட்டிய உருளைச் சக்கரம்) கட்டம் சேர்த்த பெவல்-ஹெலிக்கல் பாக்ஸ் வாங்க வேண்டும், அதில் மொத்தத் திறன் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கன்வேயர் ஷாஃப்டில் 5 கிலோவாட் தேவை என்று வையுங்கள். வார்ம் 70 சதவீதம் என்றால் மோட்டார் 7.14 கிலோவாட் தர வேண்டும், அதாவது 7.5 கிலோவாட் மோட்டார். பெவல்-ஹெலிக்கல் என்றால் 5.26, ஆக 5.5 கிலோவாட் மோட்டாரே போதும், மோட்டாரே ஒரு சைஸ் இறங்கிவிடுகிறது. மோட்டாரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் தெரியும் வித்தியாசம் 2 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். வருடத்துக்கு 6000 மணி நேரம் ஓடும் லைன் என்றால் 12,000 யூனிட்டைத் தாண்டும், யூனிட் 25 காசு என்று கணக்குப் போட்டால் 3,000 வெள்ளி. ஒரு படி கீழான ஐஇ2 மோட்டாரை எடுத்துவிட்டு ஐஇ3 போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்றும் பாருங்கள்: 7.5 கிலோவாட் நான்கு துருவ மோட்டாருக்குத் திறன் 88.7இலிருந்து 90.4 சதவீதமாகிறது, முழு லோடில் அதே 6000 மணி நேரத்துக்குச் சுமார் 240 வெள்ளி. இதற்கு விதி போட்டு, பரிசோதித்து, லேபிள் ஒட்டி விற்கிறோம், பக்கத்திலேயே 3,000 வெள்ளி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூடு வேறு தொழிற்கூடத்துக்குள்ளேயே இறங்குகிறது, ஏர்கான் போட்ட கூடமாக இருந்தால் அதை வெளியேற்றவும் இன்னொரு முறை காசு கொடுக்கிறோம்.

வார்மே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரை கிலோவாட் மோட்டார், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஓடும் கேட், அதற்குப் போய் ஸ்பைரல் பெவல் வாங்கினால் காசுக்குப் பிடித்த கேடு. அதிர்ச்சியையும் வார்ம் ஓரளவு தாங்கிக்கொள்ளும், சத்தமும் குறைவு. ஆனால் "வார்ம் தானாகவே பிடித்துக்கொள்ளும், பிரேக் தேவையில்லை" என்று சொல்லி விற்பவரை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணெயும் அதிர்வும் சேர்ந்தால் அதுவும் மெல்ல வழுக்கும், சுமை தூக்குகிற இடத்தில் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் அடுத்த கேள்வி, பெவல் என்று முடிவு செய்தபின் நேர்ப்பல்லா வளைபல்லா என்பது. நேர்ப்பல் பெவலில் பல்லின் முழு நீளமும் ஒரே நேரத்தில் போய் மோதுகிறது, வேகம் ஏறினால் கத்தும். வளைபல்லில், அதாவது ஸ்பைரல் பெவலில், பல் வில் போல வளைந்து சாய்ந்திருப்பதால் (சாய்வு வழக்கமாக 35 டிகிரி) ஒரு முனையில் தொட ஆரம்பித்து மெதுவாக மறுமுனைக்குப் போகும், அது விலகும் முன்பே அடுத்த பல் சுமையை வாங்கிவிடும். ஆகவே ஒரே அளவுள்ள நேர்ப்பல் ஜோடியைவிட அதிகச் சுமை தாங்கும், சத்தமும் குறையும். பல்லின் சுற்றுவேகம் நொடிக்கு 5 மீட்டருக்குக் கீழே இருந்தால் நேர்ப்பல் போதும், அதைத் தாண்டினால் வளைபல்லுக்குப் போவது நல்லது என்பது பழைய கைக்கணக்கு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பினியன் (ஜோடியில் சின்னச் சக்கரம்) நிமிடத்துக்கு 1450 சுற்றில் ஓடினாலே வேகம் 7.6 மீட்டர், கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பது நம் வேலையிடச் சத்த வரம்பு, பழைய நேர்ப்பல் பாக்ஸ்கள் நாலு வரிசையாக ஓடும் கூடத்துக்குள் ஒருமுறை மீட்டரை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

ஊரில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்த தம்பிகள் இதைப் பார்த்ததும் "அண்ணே, இது நம்ம கிரவுன் பினியன்தானே" என்பார்கள். அண்ணன் தம்பி உறவுதான், ஆனால் ஒன்றல்ல. இன்றைய வாகனங்களின் பின் ஆக்ஸிலில் பெரும்பாலும் இருப்பது ஹைப்பாய்ட். அதில் இரண்டு ஷாஃப்டின் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டாது, பினியன் சற்றே விலகி இருக்கும். அதனால் பினியனைப் பெரிதாகச் செய்யலாம், பலமும் கூடும், ஆனால் பல்லின் நீளவாக்கில் வழுக்கல் சேர்ந்துகொள்ளும். அதற்குத்தான் ஜிஎல்-5 எண்ணெய் (கடும் அழுத்தம் தாங்கும் கியர் எண்ணெய்) கேட்கிறார்கள். அதே எண்ணெயை வார்ம் பாக்ஸிலும் ஊற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கும்.

சரி, ஸ்பைரல் பெவல்தான் என்று முடிவாகிவிட்டது. இனி கொட்டேஷன் கேட்கும்போது என்ன எழுதுகிறோம்? பெரும்பாலும் "ஷாஃப்ட் 40, விகிதம் 3, விலை என்ன", அவ்வளவுதான். கால் அளவைச் சொல்லாமல் பெட்டியின் நிறத்தைச் சொல்லிச் செருப்பு வாங்குவது போலத்தான் இது. முதலில் டார்க், அதாவது முறுக்குவிசை, வேண்டும். கிலோவாட்டை 9550ஆல் பெருக்கிச் சுற்றால் வகுத்தால் நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 7.5 கிலோவாட், 1450 சுற்று என்றால் 49 நியூட்டன் மீட்டர், 3க்கு 1 குறைத்தால் மறுபக்கம் கிட்டத்தட்ட 148, இழப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு லோடு எப்படிப்பட்டது என்பது. சீராக ஓடும் விசிறிக்கு 1 என்றால், கல்லோ இரும்புத் துண்டோ வந்து விழும் கன்வேயருக்கு அந்த டார்க்கை 1.75ஆல் பெருக்கித்தான் கியரைத் தேட வேண்டும். நாளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை முறை நின்று கிளம்பும், இரண்டு திசையிலும் ஓடுமா, இதையெல்லாம் சொல்லாமல் வாங்கிவிட்டுப் பல் உடைந்தபின் "சரக்கு மட்டம்" என்று சொல்வதில் நியாயமில்லை. கியரின் தாங்குதிறனைக் கணக்கிட ஐஎஸ்ஓ 10300, ஆக்மா 2003 என்று தரவிதிகள் இருக்கின்றன, எதன்படி கணக்கிட்டீர்கள் என்று விற்பவரிடம் ஒரு வரி கேட்டாலே பதிலில் அவர் யாரென்று தெரிந்துவிடும்.

இரண்டு திசை என்றேன், அதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஸ்பைரல் பெவலில் ஆட்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். பல் சாய்ந்திருப்பதால் அது சுமையை மட்டும் தள்ளாது, ஷாஃப்டையும் நீளவாக்கில் தள்ளும். எந்தப் பக்கம் தள்ளும் என்பது பல் வளையும் பக்கம், அதாவது இடக்கைச் சுருளா வலக்கைச் சுருளா, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. இடக்கைப் பினியன், அதன் முதுகுப் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் ஓட்டினால் விசை பினியனை வெளியே தள்ளும், அதுதான் நமக்கு வேண்டியது. அதையே எதிர்த்திசையில் ஓட்டினால் பினியனை உள்ளே இழுக்கும், பேரிங்கில் ஆட்டம் இருந்தால் பல்லுக்கிடையே உள்ள இடைவெளி மறைந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஜோடியில் ஒன்று இடக்கை என்றால் மற்றது வலக்கையாகத்தான் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே கையாக வாங்கி வந்து சேராமல் விழிப்பவர்களும் உண்டு. இரண்டு திசையிலும் ஓட்டப்போகும் மெஷின் என்றால் இரண்டு பக்கத் தள்ளலையும் தாங்கும்படி டேப்பர் ரோலர் பேரிங் போன்றதை முன்சுமையோடு (ஆட்டம் இல்லாதபடி முன்கூட்டியே இறுக்கி) போட வேண்டும். நேர்ப்பல் பெவல் இருந்த வீட்டுக்குள் (கியரின் இரும்புக் கூட்டுக்குள்) அதே பழைய பால் பேரிங்கை வைத்துக்கொண்டு வளைபல் மாட்டினால் முதலில் போவது பேரிங், பழி விழுவது கியர் மேல்.

ஏற்கெனவே ஓடும் பாக்ஸில் ஒரு கியர் மட்டும் போய்விட்டால் பழைய சாம்பிளைக் கொடுத்து "இதே மாதிரி ஒன்று" என்று கேட்பது நம்மவர் பழக்கம். ஸ்பைரல் பெவலில் அது நடக்காது. இதைத் தயாரிக்கப் பல முறைகள் உண்டு. வில்லியம் க்ளீசன் 1874இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் பெவல் கியர் வெட்டும் மெஷின் செய்தார், அந்த நிறுவனத்தின் வழி ஒன்று. க்ளிங்கெல்ன்பெர்க், ஓர்லிகான் வழிகள் வேறு. பல் எண்ணிக்கையும் மாட்யூலும் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) அச்சாக ஒன்றாக இருந்தாலும் ஒரு முறையில் வெட்டிய பினியன் இன்னொரு முறையில் வெட்டிய சக்கரத்தோடு சரியாகச் சேராது, பல்லின் வளைவும் ஆழமும் வேறு. ஒரே முறையில் செய்தாலும் பினியனையும் சக்கரத்தையும் ஒன்றாக ஓடவிட்டு லேப்பிங் செய்து (அரைப்பான் பசை போட்டுப் பல்லைத் தேய்த்துச் சேர்த்து), ஜோடி எண் பொறித்துத்தான் அனுப்புகிறார்கள். ஒரு தொழிற்சாலையில், பெயர் வேண்டாம், தேய்ந்த பினியனை மட்டும் மாற்றினால் பாதிக் காசுதானே என்று மேலே முடிவெடுத்தார்கள். முதல் நாளிலிருந்தே ஊளையிட்டது, சில வாரத்தில் புதுப் பினியனின் பல் ஓரத்தில் தெறித்தது, கடைசியில் ஜோடியும் வாங்கி, பேரிங்கும் வாங்கி, லைனும் நின்றது.

மாட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், தேர்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு. நல்ல தயாரிப்பில் மவுண்டிங் தூரம் (ஷாஃப்டுகளின் கோடுகள் வெட்டும் புள்ளியிலிருந்து கியரின் பின்பக்கம் வரை) என்று ஓர் எண்ணும், விட வேண்டிய பேக்லாஷும் (பல்லுக்கிடையே உள்ள இடைவெளி) கியரிலேயே பொறித்திருக்கும். அந்தத் தூரத்துக்குப் பினியனை ஷிம் (மெல்லிய தகடு) போட்டு நிறுத்திவிட்டு, பிறகு சக்கரத்தை நகர்த்தி பேக்லாஷ் வைக்க வேண்டும், மாட்யூல் 4 வட்டாரத்தில் அது 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் அளவுதான் வரும், டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லும் விஷயம் இல்லை. அப்புறம் பல்லில் மார்க்கிங் நீலம் தடவிச் சுற்றிப் பாருங்கள். சுமையில்லாமல் சுற்றும்போது தடம் பல்லின் நடுவில், சற்றே உள்முனைப் பக்கம் (பல் சிறுத்துப் போகும் பக்கம்) விழ வேண்டும், ஏனென்றால் சுமை ஏறும்போது ஷாஃப்டும் வீடும் கொஞ்சம் வளைந்து கொடுத்து தடம் வெளிமுனைப் பக்கம் நகரும். சுமையில்லாமலே வெளிமுனையில் விழுந்தால் ஓட்டத்தில் ஓரத்துக்குப் போய்விடும், பல் மூலையில் உடையும். நீலம் தடவுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நிறுத்த நேரம் இரவு ஒன்று முதல் ஐந்து வரை என்று கொடுத்துவிட்டு நாலரைக்கே "முடிஞ்சுதா" என்று போன் அடித்தால் எந்தத் தம்பி நீலம் தடவுவான்? மேலாளர்கள் இதைப் படித்தால் அந்த அரை மணி நேரத்தை வேலைத் திட்டத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பல கேட்டலாக்குகளில் வெப்பத் திறனை (எண்ணெய் அதிகமாகச் சூடேறாமல் பாக்ஸ் கடத்தக்கூடிய சக்தியை) 20 டிகிரி காற்றுக்குத்தான் கொடுத்திருப்பார்கள். இங்கே இரவிலேயே அதைவிடச் சூடு, தகரக் கூரைக்குக் கீழே பகலில் கேட்கவே வேண்டாம். பல் தாங்கும், ஆனால் எண்ணெய் தாங்காது என்ற நிலை வரும், ஆகவே நம் இடத்து வெப்பநிலையைச் சொல்லி வெப்பத் திறனைத் தனியே கேளுங்கள். ஈரமும் அப்படித்தான். கூலிங் டவரில் மோட்டார் வெளியே காய்ந்த இடத்தில் இருக்க, நீண்ட ஷாஃப்டின் மறுமுனையில் கியர்பாக்ஸ் மட்டும் நாள் முழுக்க நீராவிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரவில் நின்று குளிரும்போது பிரீதர் (பாக்ஸின் காற்றுத் துவாரம்) வழியாக ஈரக்காற்றை உறிஞ்சும், எண்ணெய் பால் நிறமாகும், பேரிங் துருப்பிடிக்கும். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் வைத்த பிரீதர் ஒன்று போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், அதன் விலையை அந்த பாக்ஸின் விலையோடு ஒப்பிடவே வேண்டாம். புது ஜோடி ஓடத் தொடங்கியபின் முதல் எண்ணெயைத் தயாரிப்பாளர் சொன்ன நேரத்தில் மாற்றுவதையும் பலர் மறந்துவிடுகிறார்கள், பல் பழகும்போது உதிர்ந்த துகளெல்லாம் அதில்தான் இருக்கும்.

"ஸ்பைரல் பெவல் வாங்கச் சொல்கிறீர்கள், உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமே" என்று கேட்பார்கள். உண்மைதான். அளவு சொல்லிச் செய்யும் ஜோடி வெட்டி, கார்பன் ஏற்றிக் கடினமாக்கி (மேல்தோல் 58 முதல் 62 ராக்வெல் வரை), லேப்பிங்கோ கிரைண்டிங்கோ செய்து, கப்பலில் ஏறி வர நாளாகும். அதனால்தான் புது மெஷின் வடிவமைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, முடிந்தவரை கேட்டலாக்கில் உள்ள ஸ்டாக் அளவுக்குள் வடிவமையுங்கள் என்பது. ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்கள், லைனை நிறுத்தக்கூடிய பாக்ஸ்கள் எவை என்று பார்த்து, அவற்றுக்கு ஒரு ஜோடி வீதம் எண்ணெய்த் தாளில் சுற்றி ஸ்டோரில் வையுங்கள். பெயர்ப்பலகை துருப்பிடித்துப் படிக்க முடியாமல் போகும் முன் அதை ஒரு படம் எடுத்து, ஜோடி எண், மவுண்டிங் தூரம், சுருளின் கை, பேக்லாஷ் நாலையும் லாக் புத்தகத்தில் எழுதிவிடுங்கள், அடுத்த முறை போனில் ஆர்டர் கொடுக்கும்போது கொட்டேஷனுக்குத் தேவையான பாதி விவரம் அதிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவு ஊழியர், துவாஸ்